என் பேரில் போனவள்

எட்டு வருடமாக ஒரே பொய்யால் என்னைக் கட்டிப்போட்டிருந்தான் என் புருசன். கொழும்பில் மளிகைக் கடை வேலை. ஒவ்வொரு கடிதத்திலும், "பொண்டாட்டிமாருக்கு விசா தரமாட்டாங்க" என்று எழுதுவான். நானும் மண்ணாந்தை மாதிரி நம்பிக்கொண்டு, சிக்கல் கிராமத்தில் மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

மிளகாய் வத்தல் வாங்க வந்த நஃபீசாதான் கண்ணைத் திறந்தாள். அவள் புருசனுக்கும் கொழும்பில்தான் வேலை.

"யாரு சொன்னா? புருசனுக்கு வேலைச் சீட்டு இருந்தாப் போதும். பார்த்துட்டு வர்ற விசா மூணு மாசத்துக்குக் குடுப்பாக. அங்கன போயி இன்னொரு மூணு மாசம் நீட்டிக்கலாம். நான் மூணு தடவை போயிட்டு வந்துட்டேனே!"

மறுநாளே மண்டபத்துக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்த இலங்கை விசா ஆபீஸ் குமாஸ்தா புருசன் பேரைக் கேட்டார். எங்கள் ஊரில் பொண்டாட்டி புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். கட்டிய நாளிலிருந்து அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. கடித உறையை நீட்டினேன். அவர் படித்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார்.

"சிக்கல் பூமயில் சித்திரையிலயே போயாச்சேம்மா. ஆடியில நீட்டிப்பும் வாங்கியாச்சு. நீ யாரு?"

"நான்தான்யா பூமயில்!"

அவர் காட்டிய படத்தில் பவுடரை அப்பிக்கொண்டு சிரித்தாள் முருகேஸ்வரி. அவனுடைய அத்தை மகள். மதுரை மில்லில் வேலை என்று சொல்லி, என் கட்டம் போட்ட சேலையை இரவல் வாங்கிப் போனவள். படத்திலும் அதே சேலை. போன லீவில், எனக்கு விசா கேட்டுப் பார்க்கிறேன் என்று கிராம முன்சீப்பிடம் என் பேரில் சான்று வாங்கிப் போனானே பாவி, அது இதற்குத்தானா!

குமாஸ்தா குரலைத் தணித்தார். "புகார் குடுத்தா ரெண்டு பேரையும் கப்பல் ஏத்திருவாங்க. அவரு வேலைச் சீட்டும் போயிரும். யோசிச்சுக்கம்மா."

"எட்டு வருசமா யோசிச்சாச்சு. எழுதுங்க."

"நீ வாயால சொல்லணும். யாரு மேல புகார்?"

நாக்கு கொஞ்சம் தயங்கியது. ஆயுசு குறையுமாமே! குறையட்டும், நாசமாய்ப் போகட்டும்.

"கூத்தையா" என்றேன். நாக்கு ஒன்றும் அழுகிவிடவில்லை. "கூத்தையா, கூத்தையா! நல்லா எழுதிக்கங்க."

புரட்டாசியில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று தகவல் வந்தது. அவர்கள் வரும் நாளன்று விடிந்ததும் இராமநாதபுரம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். தனுஷ்கோடி ரயிலிலிருந்து தகரப்பெட்டியோடு இறங்கினான். பின்னாலேயே அவள், என் சேலையில். என்னைக் கண்டதும் தூண் மறைவில் ஒதுங்கப் பார்த்தான்.

"ஏலே கூத்தையா! விசா முடிஞ்சிருச்சா?"

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊர் ஆட்களும் நாலு பேர் இருந்தார்கள். பொண்டாட்டி வாயால் 'ஏலே' வாங்கியவன் இனி எந்த முகத்தோடு சிக்கலுக்குள் நடப்பான்? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் முருகேஸ்வரியை மறித்தேன்.

"சேலையும் உனக்கே, அவனும் உனக்கே. என் பேரை மட்டும் இங்கன இறக்கி வச்சிட்டுப் போடி."