தூங்கவைக்கும் பாடம்

ஆன்லைன் கூட்டத்தில் இருந்தவர்கள்: பயிற்சிப் பிரிவின் பொறுப்பாளர் கிரண்குமார், திருப்பதி அலுவலகத்திலிருந்து. பாடங்களை வடிவமைத்த தேவயானி, அதே கட்டிடத்தின் மாடியிலிருந்து. சித்தூரிலிருந்து சூப்பர்வைசர்கள். எல்லை மண்டலங்களின் தமிழ் அங்கன்வாடி டீச்சர்கள், பாதிப்பேர் கேமராவை விட்டத்துக்குக் காட்டியபடி. திரையின் கடைசிக் கட்டத்தில் முகம் இல்லாமல் பெயர் மட்டும்: கன்னிகா, நகரி.

கன்னிகா லாரியில் அடிபட்டுச் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நூத்துக்கு நூறு! அபினந்தனலு கன்னிகா காரு!" என்று தெலுங்கில் வாழ்த்திக் கிரண்குமார் கைதட்டினார். "மைக் ஆன் பண்ணுங்கம்மா."

பெயர் பேசவில்லை.

"சிக்னல் இல்ல போல. தேவயானி மேடம், நாளைக்கு நீங்களே போய் ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க. விழாவுல சர்டிபிகேட் குடுக்கணும்."

கன்னிகாவின் சாவு தேவயானிக்குத் தெரியும். போன வாரம் ஃபோன் போட்டபோது அண்ணன்காரன் எடுத்துச் சொன்னான். தெரிந்ததைக் கூட்டத்தில் சொல்ல முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. குழந்தைகளைக் கதை சொல்லித் தூங்கவைக்கும் பாடத்தில் முன்மாதிரியாக ஒரு குரல் உண்டு. டீச்சர் அதே கதையைச் சொல்லிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். முன்மாதிரிக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மதிப்பெண்ணைக் கணினி போடும். அந்த முன்மாதிரிக் குரல் கன்னிகாவுடையது. உயிரோடு இருந்தபோது தேவயானியே கூட்டிவந்து பதிவு செய்தது.

செத்தவள் தன் குரலிலேயே பரீட்சை எழுதி முதலாவதாக வந்திருந்தாள். யாரோ ஏமாற்றுகிறார்கள். அல்லது. அந்த அல்லதுக்குப் பிறகு தேவயானி யோசிக்கவில்லை.

வந்த பதிவைப் போட்டுக் கேட்டாள். கன்னிகா கதை சொன்னாள். நடுநடுவே சின்னக் குரல்கள் பதில் சொல்லின. தேவயானி பதிவு செய்த அறையில் குழந்தைகளே இல்லை.

மறுநாள் புத்தூரில் பஸ் மாறிப் போனாள். நகரிக்கு முன்னால் ஹைவேயில் இறக்கிவிட்டார்கள். ஊர் இந்தப் பக்கம், காலனி எதிர்ப்பக்கம். லாரிகள் விட்டால்தானே? காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்று, ஒருவழியாக ஓடித் தாண்டினாள்.

அங்கன்வாடி சென்டர் ஜன்னலைத் தாண்டும்போதே குரல் கேட்டது.

"நரி கண்ண மூடிக்கிச்சு. ஆமை கண்ண மூடிக்கிச்சு. இன்னும் யாரு தூங்கல?"

கொஞ்சம் மௌனம்.

"நானு," என்றது ஒரு குழந்தை, பாதித் தூக்கத்தில்.

"சரி. நான் இங்கயேதான் இருக்கேன்."

அந்த மௌனத்தை அளந்து வெட்டிச் சேர்த்தவள் தேவயானி. குழந்தை பதில் சொல்ல இடம் விடுங்கள் என்று பாடத்தில் எழுதியவளும் அவள்தான்.

உள்ளே பாயில் வரிசையாகக் குழந்தைகள். பருப்பு டப்பாவின்மேல் ஃபோன், குரல் அதிலிருந்து. மூலையில் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள் ஹெல்பர் செல்லியம்மா.

"யாரு? மெல்ல பேசுங்க மேடம், இப்பத்தான் படுத்துச்சுங்க."

"திருப்பதியிலேர்ந்து வரேன். இந்தப் பாடம் செஞ்சது நான்தான்."

"நீங்களா? நல்லா செஞ்சிக்கிறீங்க. இது இல்லாட்டி ஒண்ணும் கண்ண மூடாது."

"பரீட்சைக்கும் இதையேதான் அனுப்பினீங்களா?"

"இதப் போட்டுட்டு என் மவன் ஃபோன்ல அவ பேருல ரெக்கார்டு பண்ணேன். நேத்து மீட்டிங்கும் நான்தான். பாஸ் ஆனா போதும்னு பாத்தேன், ஃபஸ்ட்டு வரும்னு யாரு கண்டா? எங்க வம்சத்துலயே யாரும் ஃபஸ்ட்டு வந்ததில்ல." முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"இது தப்பும்மா. நான் சொல்லியாகணும்."

சிரிப்பு நின்றது. மேடம் என்ற மரியாதையும் போய்விட்டது.

"போய்ச் சொல்லு. டீச்சர் இல்லாத சென்டர ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிறதோட சேத்துடுவாங்க. அவ எங்க செத்தானு தெரியுமில்ல? இதுங்கள இட்டுக்கினு தெனம் அந்த ரோட்டத் தாண்ட நீ வர்றியா? புது டீச்சர் வர்ற வரைக்கும் அவ பேரு இருந்துட்டுப் போவட்டும். சூப்பர்வைசரம்மாவே தெரிஞ்சும் தெரியாத மாதிரி கீது. உனுக்கு இன்னா வந்துச்சு?"

தேவயானியின் ஃபோன் அடித்தது. கிரண்குமார்.

"சென்டர்லதான இருக்கீங்க? கன்னிகா காருகிட்ட குடுங்க மேடம்."

தேவயானி பாயைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு பெண்குழந்தை அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயைப் பிளந்து தூங்கியது.

"குழந்தைங்க இப்பத்தான் அவங்க குரலக் கேட்டுத் தூங்கினாங்க சார். பேச முடியாது."

"விழாவுக்கு?"

"வர முடியாது சார். அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க."

ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனாலேயே வாய் கசந்தது.

செல்லியம்மா ஒரு முட்டையை நீட்டினாள். "துன்னு."

வாங்கிக்கொண்டதும் தேவயானிக்கும் எதையாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. பாடத்தில் சேர்க்காமல் விட்ட பதிவுகள் அவள் ஃபோனில் கிடந்தன. "அவங்க பேசினது இன்னும் நெறைய இருக்கு, கேளுங்க," என்று ஒன்றைப் போட்டாள்.

"ஐயய்யோ, ஆமைய உட்டுட்டேனே!" கன்னிகா இருமினாள், சிரித்தாள். "மொதல்லேர்ந்து சொல்லட்டா?"

பாய் முழுக்க எழுந்து உட்கார்ந்தது.

"டீச்சர்!" ஓரத்துக் குழந்தை மற்றவர்களை மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடியது. படியில் நின்று இரண்டு பக்கமும் தேடியது. பிறகு ரோட்டைப் பார்த்து இறங்கியது. செல்லியம்மா பாய்ந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"நிறுத்தும்மா அத!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "தப்பில்லாம சொன்னா ஃபோனுன்னு இதுங்களுக்குத் தெரியும். தப்பு பண்ணா அவளே வந்துட்டானு நெனச்சிக்கும்."

"டீச்சர் வெளிய கீறாங்க!" குழந்தை திமிறியது. மற்றவையும் எழுந்து வந்தன.

"எனக்குத் தெரியாது..." என்றாள் தேவயானி.

"நீ கெளம்பு. இன்னொரு தபா வராத."

தேவயானி கையில் முட்டையோடு படி இறங்கினாள். ஹைவேயில் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்துப் போனது. பின்னால் செல்லியம்மா கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.