இல்லாத தீர்ப்பு

தான் இன்னும் முதல் கணவனின் மனைவிதான் என்பது அவளுக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் தெரியவந்தது. அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். இடுப்பில் இரண்டாம் கணவனுக்குப் பிறந்த ஒன்றரை வயது மகள். விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கணினியில் சரிபார்த்த குமாஸ்தா, அந்த வழக்கு எண்ணில் இருப்பது ஏதோ வேலித் தகராறு என்றார்.

நேரே குடும்ப நீதிமன்றத்துக்குப் போனாள். அவள் பெயரில் வழக்கே தாக்கலாகவில்லை. தீர்ப்பில் கையெழுத்துப் போட்டிருந்த நீதிபதி அந்தத் தேதிக்கு ஒரு வருடம் முன்பே ஓய்வு பெற்றிருந்தார்.

விவாகரத்துக்காக அவள் அமர்த்தியிருந்த வக்கீல் மறுக்கவில்லை. மனுவைத் தொலைத்துவிட்டாராம். அவள் வாரம் தவறாமல் வந்து கேட்டதில் கூச்சமாகி, தீர்ப்பைத் தானே தட்டச்சு செய்துவிட்டாராம்.

“ரெண்டு பேரும் மனசொத்துப் பிரியறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. நான் நல்லதை நினைச்சுத்தாம்மா செஞ்சேன்.”

அன்றே போலீசிலும், வக்கீல்களின் ஒழுக்கத்தை விசாரிக்கும் குழுவிலும் புகார் கொடுத்தாள். குழு எட்டு மாதம் இழுத்தது. இடையில் வக்கீலின் நண்பர்கள் இரண்டாம் கணவனை அவன் வேலை செய்யும் இடத்தில் மடக்கி, விஷயம் வெளியே போனால் குடும்ப மானம் சந்தி சிரிக்கும் என்றார்கள். அவன் வீட்டுக்கு வந்து, “விடாத” என்று மட்டும் சொன்னான்.

விசாரணையன்று வக்கீல் அப்படியே பல்டி அடித்தார். மறுமணத்துக்கு அவசரப்பட்ட அவளே யாரிடமோ போலி நகல் வாங்கிவிட்டாள், தனக்கு எதுவுமே தெரியாது என்றார். குழுவின் மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

வெளியே வந்து, நான்கு வருடமாகப் பேசாத முதல் கணவனுக்குப் போன் செய்தாள். அவன் பஸ் ஓட்டுநர். நடந்ததைக் கேட்டவன், அடுத்த விசாரணை என்றைக்கு என்று கேட்டான். அவனும் மறுமணம் செய்திருந்தான்.

அடுத்த விசாரணைக்குச் சீருடையோடே வந்தான். வக்கீல் அப்போது தன் கைப்பட அவனுக்கு எழுதிய கடிதத்தைக் குழுத் தலைவர் முன் வைத்தான். தீர்ப்பு வந்துவிட்டது, இருவரின் கண்ணியத்தையும் நீதிபதி பாராட்டினார் என்று அதில் இருந்தது.

தலைவர் இரண்டு முறை படித்தார். பிறகு, வக்கீலுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம், மன்னிப்புக் கேட்டால் கண்டனத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்டார்.

“என் பொண்ணு எந்தக் கல்யாணத்துல பொறந்தவன்னு கேக்கறாங்க சார். அதுக்கும் ஒரு தீர்ப்பு டைப் அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க அவரை.”

முதல் கணவன் தலையைக் குனிந்துகொண்டான். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைத் தலைவரும் பார்த்துவிட்டார்.

மூன்று வாரத்தில் வக்கீலின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இனி எந்த நீதிமன்றத்திலும் அவர் வாதாட முடியாது.

ஆனால் தொலைந்த வருடங்களுக்கு உத்தரவு இல்லை. அவளும் முதல் கணவனும் புது வக்கீலோடு முதலிலிருந்து விண்ணப்பித்து உண்மையாகவே பிரிந்தார்கள். பிறகு அவள் தன் இரண்டாம் கணவனையே மறுபடி பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மகள் மேஜைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். பதிவாளர் சிரித்தபடி புதுமணத் தம்பதிக்கு வாழ்த்துச் சொன்னார்.

அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. சான்றிதழைத் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.