செவ்வாய்க்கிழமை வண்ணத்துப்பூச்சி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும் என்று என் மனைவி மங்கையற்கரசி சொல்வாள். பெப்ரவரி மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் இரண்டு காதும் கொதித்துக்கொண்டிருந்தன.

கொம்பியூட்டர் சிப் செய்யும் ஒரு கொம்பனியின் பங்கை நான் ஒரு வருடமாகக் கவனித்து வந்தேன். ஒரு நாள் பத்து வீதம் ஏறும், மறுநாள் பன்னிரண்டு வீதம் இறங்கும். அன்று பின்னேரம் சந்தை மூடியதும் அதன் காலாண்டு அறிக்கை வர இருந்தது. பங்கு நூற்றி நாற்பது டொலரில் நின்றது. எகிறப்போகிறது என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. வங்கியில் எங்கள் இருவர் பெயரிலும் கிடந்த இருபத்திரண்டாயிரத்தையும் போட்டு, பங்கு ஏறினால் லாபம் தரும் கோல் ஒப்ஷன்களை வாங்குவதுதான் என் திட்டம். ஏறாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அவ்வளவும் போய்விடும். அந்தப் பகுதியை நான் அதிகம் யோசிக்கவில்லை.

அது சும்மா கிடந்த காசில்லை. பதினொரு வருடமாக மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் நின்று, கலியாண வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் ஓடர் எடுத்துச் சமைத்து மங்கை சேர்த்த காசு. மார்ச் முதலாம் திகதி அவள் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையை எடுக்க இருந்தாள். அதற்கான முற்பணம் அது. நாலு நாளில் அதை இரண்டு மடங்காக்கி அவள் கையில் வைப்பதாக எனக்குள் ஒரு நினைப்பு.

திங்கட்கிழமை ஃபமிலி டே விடுமுறை, சந்தை பூட்டு. ஆகவே செவ்வாய் காலை, பக்கத்து நகரமான மார்க்கத்துக்கு வேலைக்குப் புறப்படுமுன், போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் விசயத்தைச் சொன்னேன். மாட்டேன் என்று சொன்னால் திருப்பிக் கொடுக்க ஏழெட்டு வசனம் தயாராக வைத்திருந்தேன்.

அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவே இல்லை.

"போடுங்கோ. ஆனா இண்டைக்கு வேண்டாம். செவ்வாய்க்கிழமை வீட்டாலை காசு வெளியிலை போகக்கூடாது. நாளைக்குப் போடுங்கோ."

"நாளைக்குப் போட்டு என்ன பிரியோசனம்? இண்டைக்குப் பின்னேரம் எல்லாம் முடிஞ்சிடும். உமக்கு விளங்குதே?"

"எனக்கு உது ஒண்டும் விளங்காது. கடைக்கெண்டு வைச்ச காசு. செவ்வாயிலை எடுத்தால் கடை சரிவராதப்பா."

எனக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை. பயம் மட்டும் உண்டு. நாளை கடை படுத்துவிட்டால் ஆயுள் முழுக்க அந்தச் செவ்வாயைக் கேட்க வேண்டி வரும். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனேன்.

வேலையிடத்தில் பக்கத்து மேசை றெமிஜியஸ். மன்னார்க்காரன், ஒப்ஷனில் என்னைவிட விசயம் தெரிந்தவன். என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தான்.

"ட்ரேடிங் எக்கவுண்டிலை ஏற்கெனவே எவ்வளவு கிடக்கு, அண்ணை?"

"நானூற்றி அறுபது."

"அது வீட்டை விட்டு எப்பவோ வெளிக்கிட்ட காசு தானே. அதுக்கு ஒரு பட்டர்ஃபிளை போடுங்கோ."

வண்ணத்துப்பூச்சி என்று பெயர் வைத்த ஒரு ஒப்ஷன் கணக்கு அது: நூற்றி ஐம்பது டொலர் கோலில் ஒன்றை வாங்கு, நூற்றி அறுபதில் இரண்டை வில், நூற்றி எழுபதில் இன்னொன்றை வாங்கு. நடுவில் விற்ற காசு, வாங்கிய செலவைக் குறைத்துவிடும். வெள்ளிக்கிழமை பங்கு நூற்றி அறுபதில் நின்றால்தான் முழு லாபம். "மனுசி முந்நூறு பேருக்குச் சமைக்கிறா எண்டு வையுங்கோ" என்றான் றெமிஜியஸ். "முந்நூறு பேர் வந்தால் முழு லாபம். இருநூறு வந்தாலும் நானூறு வந்தாலும் நட்டம். ஆனா என்ன நடந்தாலும் சமைச்ச செலவுக்கு மேலை ஒரு சதம் போகாது."

நானூற்றி இருபது டொலருக்கு மூன்று செற் போட்டேன். பிச்சைக்காசு என்று வாய்க்குள் திட்டிக்கொண்டுதான் போட்டேன்.

நாலே கால் மணிக்குக் கார்த் தரிப்பிடத்தில் இருந்து போனைப் பார்த்தேன். கொம்பனிக்கு லாபம் நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அடுத்த காலாண்டு மந்தம் என்று ஒரு வரி சொல்லியிருந்தார்கள். பங்கு தொண்ணூற்றெட்டு. மறுபடி பார்த்தேன், தொண்ணூற்றாறு. நான் போட்ட நானூற்றி இருபதும் போய்விட்டது. நான் நினைத்தபடி செய்திருந்தால் மங்கையின் பதினொரு வருடமும் கால் மணித்தியாலத்தில் போயிருக்கும். ஸ்டியரிங்கில் தலையை வைத்து, நான் கும்பிடாத தெய்வங்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். செவ்வாய்க்கிழமைக்குத் தனியாக ஒரு நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் உள்ளதைச் சொன்னேன். "உம்மடை செவ்வாய்தான் எங்களைக் காப்பாத்தினது."

"ம். சாப்பிடுங்கோ" என்றாள். சாப்பிட்ட பிறகு, கராஜில் வந்திறங்கியிருந்த உருளைக்கிழங்கு, லீக்ஸ் மூட்டைகளை வழக்கம்போலப் பேஸ்மென்ற்றுக்கு இறக்கிக் கொடுத்தேன்.

மார்ச்சில் கடை எங்கள் கைக்கு வந்தது. பெயின்ற் அடிக்க இரண்டு நாள் லீவு எடுத்து நின்றேன். இரண்டாம் நாள் பின்கதவு தட்டப்பட்டது. மரக்கறி லொறி வின்சன்ற். வழக்கமான மூட்டைகள். மங்கை கைப்பையைத் திறந்து நோட்டுகளை எண்ணி அவரிடம் நீட்டினாள்.

"இனிமேல் ஒவ்வொரு செவ்வாயும் இஞ்சையே இறக்கட்டே, அக்கா? காசு வழக்கம்போலக் கையிலை தானே?"

"ஓம், வழக்கம்போலத்தான்."

நான் பிரஷ்ஷோடு நின்றேன். பதினொரு வருடமாகச் செவ்வாய் பின்னேரங்களில் அந்த மூட்டைகளைத் தூக்கியவன் நான். அவை காசில்லாமல் வந்தன என்றா நினைத்தேன்?

வின்சன்ற் போனதும் கேட்டேன். "இண்டைக்குச் செவ்வாயெல்லே?"

மங்கை என் காதைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அண்டைக்குக் காசைப் போடவே வேண்டாமெண்டு நான் சொல்லியிருந்தால் நிண்டிருப்பீங்களே?"

"இல்லை" என்றேன்.

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டேன். "எங்கை வைக்கட்டும், சொல்லும்" என்று அவளைக் கேட்டேன்.