ஈரத்தோடு ஏறுகிறவர்கள்

“இறங்குவோம். இப்பவே.”

மலை ஏறும்போது இந்தச் சொல் வாயில் வரவே கூடாது என்று ஊரில் வேன் கிளம்பும்போதே கோகிலாவிடம் சொல்லியிருந்தார்கள். கால் வலிக்கிறது என்று முனகலாம், மூச்சு முட்டுகிறது என்று உட்காரலாம். இறங்குவோம் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் கூட வந்த அத்தனை பேர் விரதமும் போச்சு. அவள் அதை மார்கழிப் பௌர்ணமி இரவில், முக்கால் மலையில், பதினோரு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நின்று சத்தமாகவே சொன்னாள்.

அவள் காலடியில், பாறை மேல், அவளுடைய அய்யா நாகநாதன் உட்கார்ந்திருந்தார். பல் தந்தியடித்தது. ஈர வேட்டி தொடையோடு ஒட்டிக் கிடந்தது. நெற்றியில் மட்டும் வேர்வை. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பொழுதுக்கும் பட்டினி கிடந்த மனிதருக்கு இந்தக் குளிரில் வேர்த்தால் என்ன அர்த்தம் என்று தெரிய டிகிரி வேண்டியதில்லை. வீட்டில் ஒரு தடவை இப்படி வேர்த்து விழுந்ததைப் பார்த்திருந்தால் போதும்.

“ஏத்தா, வாயைக் கழுவு,” என்றார் பாண்டித்துரை. கூட்டத்துக்குக் குருசாமி அவர்தான். ஊரில் பாதி வயல் அவருடையது. மீதிப் பாதியும் தன்னுடையது என்பதுபோல ஒரு நடை.

“அய்யாவுக்கு சுகர் இறங்குது பெரியப்பா. ஈரத்துணிய அவுக்கணும், எதாவது திங்கக் குடுக்கணும், கீழ கொண்டு போகணும்.”

“ராமேஸ்வரத்துல இருபத்திரண்டு தீர்த்தம் ஆடிட்டு ஈரத்தோடவே பிரகாரம் சுத்துற ஆளுக நாம. ஈரம் நம்மள என்னத்த செய்யும்?”

அதுதான் இவர்கள் அடிக்கும் கூத்து. அங்கே கிணறு கிணறாக நனைந்து நடந்தால் வெக்கைக்குச் சுகமாக இருக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே சுருட்டி வேனில் போட்டுக்கொண்டு வந்து, மார்கழியில், மலைச் சுனையில் முங்கி, துணி மாற்றாமல் உச்சிவரை ஏற வேண்டும் என்று சட்டமாக்கி வைத்திருந்தார்கள். கண்மாய்க் கரையைத் தவிர மேடு பார்க்காத ஊர். மலையைப் பற்றி ஆளுக்கொரு சட்டம் மட்டும் வைத்திருந்தது.

வனத்துறை வாசலில் ஆன்லைன் சீட்டு கேட்கிறார்கள் என்றதும் இந்தப் பதினோரு சட்ட மேதைகளும் செல்போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் கோகிலாதான் பதிந்தாள். பதிந்த கையோடு தன் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். பொம்பளப் பிள்ளைக்கு மலை எதுக்கு என்றவர்களிடம், “அப்ப நீங்களே பதிஞ்சுக்கங்க” என்றாள். அத்தோடு அடங்கினார்கள்.

“ஒங்க துண்டுக்குள்ள என்னது, ஸ்வெட்டரா?” என்றாள் இப்போது பாண்டித்துரையிடம்.

“எனக்கு வீசிங்கு இருக்குத்தா. டாக்டர் போடச் சொன்னாரு.”

“ஒங்க டாக்டர் சொன்னா சாமிக்குக் கேக்கும். எங்கய்யா டாக்டர் சொன்னா கேக்காதாக்கும்.”

பின்னால் நின்ற வேல்சாமி சிரித்துவிட்டு, அவசரமாக அதை இருமலாக்கினார்.

“கோகிலா,” நாகநாதன் அவள் கையைப் பிடித்தார். நாக்குக் குழறியது. “ஏழாவது வருசம்த்தா. இன்னும் ரெண்டு வளைவுதான். என்னைய அசிங்கப்படுத்தாத.”

ஏழு வருடம் ஏறியவர் உச்சியில் தீபம் ஏற்றலாம். அதன்பிறகு கோயில் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. பாண்டித்துரை வயலைக் குத்தகைக்கு உழுதுகொண்டு, முப்பது வருடமாக அவர் முன்னால் நின்றுகொண்டே பேசிய மனிதர், அந்த நாற்காலிக்காகத்தான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“பிளாஸ்டிக் நாற்காலிய்யா அது. கால் ஒடஞ்சு கட்டுக்கம்பி போட்டுக் கெடக்கு,” என்றாள்.

பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்தாள்.

“வாயில பட்டுச்சு, ஏழு வருசமும் பாழு,” பாண்டித்துரை கையை நீட்டினார். “அடுத்த வருசம் ஒங்கய்யா இந்த வரிசையிலயே நிக்க முடியாது.”

“நிக்க ஆள் இருந்தாத்தான நிக்கிறதுக்கு?”

அவர் கையைத் தட்டிவிட்டு, மிட்டாயை ஒடித்து அய்யாவின் வாயில் திணித்தாள். நாகநாதன் துப்பப் பார்த்தார். அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டாள். “மென்னு முழுங்கும். துப்புனா இன்னொன்னு போடுவேன்.” மென்றார். கண்ணில் நீர் வழிய மென்றார். இரண்டாவதைத் தானே கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

யாரும் உதவிக்கு வரவில்லை. தீட்டைப் பார்ப்பதுபோல இரண்டடி தள்ளி நின்றார்கள். ஈர வேட்டியை உருவிப்போட்டு, தன் போர்வையை அவர் இடுப்பில் சுற்றி, தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டிவிட்டாள். நடுக்கம் கொஞ்சம் மட்டுப்படும்வரை காத்திருந்தாள். சுனையருகே வனக்காவலர் கொட்டகையில் தீ மூட்டியிருந்தார்கள். அரை மணி இறக்கம். ஏறும்போதே அதைப் பார்த்து வைத்திருந்தாள்.

“ஏலே நாகநாதா, நீயாச்சும் சொல்றா,” என்றார் பாண்டித்துரை.

நாகநாதன் மேலே பார்த்தார். உச்சியில் யாரோ ஏற்றிய கற்பூரம் மினுங்கியது. 

“அவர் என்னத்தச் சொல்றது? நான் கூட்டிப் போறேன். நீங்க ஏறுங்க, சாமி குளிருல காத்துக்கெடப்பாரு.”

அய்யாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு டார்ச்சை அடித்தாள். முதல் படியில் அவர் கால் தயங்கியது. அவள் நிற்கவில்லை. அவரும் இறங்கினார்.