சீரகச் சரைகளில் போன பத்து மாதம்

பொங்கல் முடிந்த மறுநாள் எங்கள் ஒழுங்கை முழுவதும் எனக்குச் சொந்தம். தர்மபுரத்தில் இதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். சாக்கும் கையுமாக வீட்டுக்கு வீடு படலை திறந்து போவேன். பழைய கலண்டர், கிழிந்த கொப்பி, வாழ்த்து மட்டை, வெற்று ஜாம் போத்தல் என்று எனக்காக எடுத்து வைத்திருப்பார்கள். ஜாம் போத்தலுக்குள் ஒரு திரியை நிறுத்தி நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் விளக்கு. தாள்களுக்கு என்னிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. இரண்டு பக்கமும் எழுத்து என்றால் பாலன் கடைக்குச் சரை. சோற்றுப் பசை தடவிக் கூம்பாகச் சுருட்டினால் சீரகம், மிளகு, வெந்தயம் கட்டலாம். தொண்ணூற்றொன்பதில், யுத்தத் தடையால், வன்னிக்குள் எந்தப் பொருளும் இலேசில் வராது. தாளை எரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாக்கோடு சேர்த்துப் புதினமும் அள்ளுவேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் கட்டவில்லை, வீட்டில் நானும் இரண்டு ஆடுகளும்தான். ஆட்டோடு எவ்வளவு நேரம் கதைப்பது? பின்னேரமானால் ஒழுங்கையில் இறங்கிவிடுவேன். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்வேன், அங்கே கேட்டதை அதற்கடுத்த வீட்டில். பற்றரி இல்லாமல் றேடியோக்கள் எல்லாம் ஊமையாகிக் கிடந்த காலம். விமலேஸ்வரி வந்தால்தான் உலகம் தெரியும் என்று நக்கலடிப்பார்கள். நக்கல்தான், ஆனால் எனக்கு உள்ளூரப் பெருமை.

திறமான புதினம் கிடைப்பது பத்மாசனி வீட்டில். அவளுடைய கணவன் பரமலிங்கம் போன வருடம் மாசி மாதம் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போனவன். கண் சரியாகிவிட்டது, திரும்பி வரத்தான் ஆமியின் பாஸ் கிடைக்கவில்லை. வவுனியாவில் ஒரு முகாமில் கிடந்தான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. பத்மாசனி வேப்பமரத்தின் கீழே கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, மெல்லிய குரலில் தொடங்குவாள். பிள்ளையார் கோயில் கூரையில் விடியப்புறம் ஒரு வெள்ளை மயில் நின்றதாம். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்த அன்று விரால் மீன்கள் வரிசையாக றோட்டைக் கடந்தனவாம், டிரக்டர்காரன் இறங்கி நின்று வழி விட்டானாம். நெடுங்கேணிப் பக்கம் ஒரு கிணற்றுத் தண்ணீர் இனிக்கிறதாம். கேட்டுவிட்டு வந்து பாயில் சரிந்தால் என் கண்ணுக்குள் மீன்கள் ஊர்ந்து போகும். விடிந்ததும் ஒழுங்கை முழுக்கச் சொல்லுவேன். இனிக்கிற கிணற்றைத் தேடி என் பக்கத்துக் காணித் தங்கராசா சைக்கிளில் இரண்டு போத்தல்களைக் கட்டிக்கொண்டு போனவர். எந்தக் கிணற்றில் அள்ளினாரோ தெரியாது, ஆளுக்கு ஒரு மிடறு குடித்தோம். இனிக்கிறது என்று எல்லோருமே சொன்னோம். எல்லோரையும் விட உரக்கச் சொன்னது நான்.

அந்த வருடப் பொங்கலுக்கு மறுநாள் பனி நல்ல மொத்தம், எதிர்வீடு தெரியவில்லை. பத்மாசனி கோயிலுக்குப் போயிருந்தாள். விறாந்தையில் எனக்கென்று வைத்த பழைய தாள் குவியல். மேலே, நூலால் கட்டிய கலண்டர் தாள் கட்டு. நாளுக்கு ஒன்றாகக் கிழிக்கிற சின்னத் தாள்கள். பின்பக்கம் நீல மையில் பொடிப் பொடியாக எழுத்து. எங்கள் பக்கத்தில் கலண்டர் தாளின் பின்னால் என்ன இருக்கும்? மாடு சினைப்பட்ட நாள், காய்ச்சல் குளிசை குடித்த நேரம். வருடம் முடிந்தபின் அது யாருக்குத் தேவை? இரண்டு பக்கமும் எழுத்து, ஆகவே சரை. என் சட்டம் எனக்குப் பெரிது. இரண்டே நாளில் அத்தனையையும் சுருட்டிப் பாலன் கடையில் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை தங்கராசாவின் மனைவி வடிவம்மா பிரித்த சரை ஒன்றோடு வந்தாள். எழுபத்தேழில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள்; இத்தனை வருடத்திலும் அவளுடைய பேச்சு மாறவில்லை.

“அக்கா, இதப் பாருங்க. வெந்தயம் கட்டுன தாளுல நம்ம செவலை கன்னு போட்டத எழுதியிருக்கு!”

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ‘இஞ்சேருங்கோ’ என்று தொடங்கியது. கணவனை ஒரு பெண் கூப்பிடுகிற சொல். நான் சுருட்டிக் கொடுத்தது முழுக்கக் கடிதங்கள்.

நான் நிமிர்வதற்குள் பத்மாசனி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அக்கா, அந்தக் கட்டு எங்கை? பலகாரம் போட பிஸ்கற் ரின் வேணுமெண்டு அதுக்குள்ளை இருந்ததை எடுத்துக் குவியலுக்கு மேலை வைச்சனான். பிறகு மறந்து போனன்.”

“அதிலை என்ன பிள்ளை எழுதி வைச்சிருந்தனி?”

“அவர் போன நாளிலை இருந்து ஒவ்வொரு நாளும் அவருக்கு எழுதினது. கடிதமெண்டால் நாலு வரிதானே போகுது. தங்கராசா அண்ணைக்கு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகப் பாஸ் கிடைச்சிருக்கு, வெள்ளிக்கிழமை போறார். அவரிட்டை முழுக்கக் குடுத்துவிட நினைச்சனான்.” அழுகையை விழுங்கினாள். “பத்து மாசம், அக்கா. இஞ்சை என்ன நடந்ததெண்டு அந்த மனுசனுக்கு ஒண்டுமே தெரியாது.”

“அழாதை. வெள்ளிக்கு முதல் கொண்டு வந்து தாறன்,” என்றேன். சொன்ன வாய்க்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்காதீர்கள்.

பாலன் விற்காத சரைகளை அப்படியே தந்தான். மிச்சத்துக்குப் பனியோடு பனியாக இறங்கினேன். வழக்கமாகப் புதினம் கொண்டுபோகிறவள், இப்போது வீடு வீடாகப் புதினம் திருப்பிக் கேட்டேன். பெண்கள் குசினிக்குள் போய்ச் சீரகத்தைச் சிரட்டையில் கொட்டிவிட்டுத் தாளை நீட்டினார்கள். எல்லோரும் படித்திருந்தார்கள். மூலை வீட்டுச் சிவனேஸ்வரி மட்டும் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தாள்.

“எங்கடை வீட்டுச் சண்டையையும் விடேல்லை அவள்,” என்றாள். பிறகு தாளைத் தந்தபடி, “ஆனால் நடந்தது நடந்தபடிதான் எழுதியிருக்கிறாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை,” என்றாள்.

கொஞ்சம் அடுப்போடு போயிருந்தன. அதற்கு நான் என்ன செய்ய? வியாழக்கிழமை காலை கேத்திலை அடுப்பில் வைத்து, ஆவியில் ஒவ்வொரு சரையாகப் பிடித்துப் பசையை இளக்கிப் பிரித்தேன். முற்றத்துக் கொடிகளில் காயப்போட்டேன். பத்து மாதமும் என் முற்றத்தில் தொங்கியது. பனிக்குள் அவற்றின் நடுவே நடந்தேன். சித்திரை கன்னத்தில் பட்டது, ஆவணி தோளைத் தடவியது, எங்கும் சீரக மணம். நான் யாருடைய நித்திரைக்குள் நடக்கிறேன் என்று ஒரு கணம் விளங்கவில்லை.

படிப்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தேன். என் சத்தியம் எவ்வளவு நேரம் நிற்கும்? பாலன் விற்காமல் தந்த புரட்டாதித் தாள் ஒன்றில் என் பெயர் தெரிந்தது.

‘இஞ்சேருங்கோ, இண்டைக்கும் விமலேஸ்வரியக்கா வந்தவா. சொல்ல ஒரு புதினமும் இல்லை. இல்லையெண்டால் எழும்பிப் போயிடுவா. வீட்டிலை அவாவுக்கு ஆர் இருக்கினம்? அதாலை நெடுங்கேணியிலை ஒரு கிணத்துத் தண்ணி இனிக்குதாமெண்டு சொன்னன். மயிலும் மீனும் சொன்ன மாதிரித்தான். இன்னொரு தேத்தண்ணியும் குடிச்சிட்டுத்தான் போனவா. உங்களுக்கு ஒளிக்கேலாது, அவா இருந்தது எனக்கும் நல்லா இருந்தது. நீங்கள் போனபிறகு பின்னேரங்கள்தான் பெரிசாக் கிடக்கு.’

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மண்டை கொதித்தது. ஊர் முழுக்க என்னைக் கொண்டு பொய் சொல்ல வைத்துவிட்டாளே! அடுத்தது வெட்கம். என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறாள். நானோ அவளுக்குத் துணை இருக்கப் போகிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டு போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எத்தனையோ தாள் எரிந்துபோனது, இதுவும் ஒன்று. யாருக்குத் தெரியப் போகிறது?

தாளைப் பிடித்தபடி அடுப்படியில் கனநேரம் குந்தியிருந்தேன். நான் போகாதிருந்த பின்னேரங்களை நினைத்துப் பார்த்தேன். அவள் அந்தக் கதிரைகளை மடக்கி உள்ளே வைத்துவிட்டு என்ன செய்திருப்பாள்? கோபம் தன்பாட்டில் அவிந்துபோனது. பேனையை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிய, தங்கராசா சேட்டுப் போட்டுப் பத்மாசனி வீட்டு விறாந்தையில் காத்துக்கொண்டிருந்தார். அவள் தாள்களை மாத வரிசையில் அடுக்கினாள். புரட்டாதியில் விரல் நின்றது. மறுபடி தட்டிப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“புரட்டாதியிலை ஒண்டு காணேல்லை,” என்றாள் மெதுவாக. “எரிஞ்சு போயிருக்கும். பரவாயில்லை, அக்கா.”

அவளுடைய காது சிவந்திருந்தது. எது காணாமல் போனது என்று அவளுக்குத் தெரியும். சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினேன்.

“எரியேல்லை. வாசிச்சனான்.”

“அக்கா, நான்…”

“ஒண்டும் சொல்லாதை. மற்றப் பக்கத்தைப் பார்.”

அச்சடித்த திகதியைச் சுற்றி இருந்த வெள்ளையில் நான் எழுதியிருந்ததை அவள் வாசித்தாள். ‘தம்பி பரமலிங்கம், இவள் எனக்குச் சொன்னதெல்லாம் பொய்யெண்டு இப்பதான் தெரியும். எனக்குக் கோவமில்லை. தனிய இருக்கிறவள் தனிய இருக்கிறவளுக்குச் சொன்ன பொய். கெதியா வாரும். நீர் வாற வரைக்கும் பின்னேரங்களை நான் பாத்துக்கொள்ளுறன். விமலேஸ்வரி.’

இரண்டு தரம் வாசித்தாள். தாளைப் புரட்டாதிக்குள் செருகி, நூலால் கட்டி, தங்கராசாவிடம் கொடுத்தாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் போனார். மணிச் சத்தம் கொஞ்சத் தூரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

பத்மாசனி வேப்பமரத்தடிக்குக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டாள். காலையில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. தேத்தண்ணி தந்தாள். எதிரே இருந்து, முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

“இண்டைக்குப் புதினம் ஒண்டும் இல்லை, அக்கா.”

நான் எழும்பவில்லை.