மூடியில் எழுதிய பெயர்

மூக்கில் குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியைக் கண்டுபிடிப்பது எளிது. பஞ்சுக் குச்சியால் மூக்கின் உட்புறத்தைத் துடைத்து, தட்டில் உறைந்திருக்கும், உப்பு மிகுந்த இளஞ்சிவப்பு வளர்ப்பு ஊடகத்தில் தடவ வேண்டும். உப்பு மற்றக் கிருமிகளை அடக்கிவிடும். இது மட்டும் அசராமல் வளர்ந்து, ஊடகத்தை மஞ்சளாக்கும்.

திருவேற்காட்டுப் பக்கம் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஹெலினா, தன் மூக்கையும் பெஞ்சுத் தோழன் கோபியின் மூக்கையும் அப்படித்தான் துடைத்துத் தடவினாள். பெயரை, கிருமி வளரும் அடித்தட்டில்தான் எழுத வேண்டும். மூடிகள் இடம் மாறும் என்பதால் அந்த விதி. அவசரத்தில் மூடியில் எழுதிவிட்டாள்.

மறுநாள் காலை தட்டுகளை எடுத்து வரும்போது கை தவறி, இரண்டு மூடிகளும் மேசையில் உருண்டன. ஒரு தட்டு மஞ்சள். இன்னொன்று இளஞ்சிவப்பாகவே இருந்தது. எது யாருடையது என்று தெரியவில்லை. தன் பெயர் எழுதிய மூடியை இளஞ்சிவப்புத் தட்டின் மேல் வைத்தாள்.

"கோபிக்கு பாசிட்டிவ்," என்றார் ஆசிரியை கலைவாணி. "பயப்படாதே. நிறைய பேர் மூக்குல சும்மா இருக்கும்."

"மேடம், சாயங்காலம் அக்கா குழந்தைக்குப் பேர் வைக்கிறாங்க. தாய்மாமன் நான்தான் காதுல சொல்லணும்."

"தொப்புள் காஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப கிட்ட போகாதே. ஆறாத தொப்புள் கிருமிக்குத் திறந்த கதவு."

வராந்தாவில் அவன் ஆவடியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்யப் போனபோது ஹெலினா பின்னாலேயே ஓடினாள்.

"கோபி, மஞ்சத் தட்டு என்னுதா கூட இருக்கலாம்." நடந்ததைச் சொன்னாள்.

"மூடி மேலயா எழுதுன? டாக்டராவப் போறியா, டப்பா விக்கப் போறியா?" சிரிக்கவில்லை அவன். "சரி. அப்ப நான் ஊட்டுக்குப் போலாமா?"

"தெரியல," என்றாள். மஞ்சள் தட்டு அவனுடையதாகவும் இருக்கலாம். மறுபடி வளர்த்துப் பார்க்க ஒரு நாள் ஆகும்.

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா, என் மூக்கு சரியில்லன்னாவது நெனச்சிகினு நிம்மதியா இருந்திருப்பேன்," என்றான்.

ஹெலினா கலைவாணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாலையில் இரண்டு புதுக் குச்சிகளோடு ஆய்வகத்தில் காத்திருந்தாள். கோபி போனைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றான்.

"அக்கா, போனைக் குழந்தை காதுகிட்ட வை." குரலைத் தாழ்த்தி, "அஸ்வின், அஸ்வின், அஸ்வின்," என்றான்.

மறுமுனையில் குழந்தை வீறிட்டது. அவன் போனை வைத்துவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். அவளைப் பார்க்காமலே முகத்தை நிமிர்த்திக் காட்டினான்.