வெள்ளைச் சேட்டு

1987இல் நான் சுவிஸ் நாட்டு லோசானில், பழைய உடுப்புகளைத் தரம் பிரிக்கிற டிப்போ ஒன்றில் வேலை செய்தேன். தேவாலயப் படம் போட்ட சாக்குகளில் சனங்கள் வாசலில் வைப்பதெல்லாம் எங்கள் மேசைக்கு வரும். திறமானது உள்ளூர்க் கடைக்கு, மிச்சம் ஆப்பிரிக்காவுக்கு. அது முதலாளியின் சட்டம். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தருமம் செய்கிறவன் கழித்துவிட்டதையா கொடுப்பான்?

எனவே நானும் ஒரு சட்டம் போட்டேன். சின்னப் பிள்ளைகளின் வெள்ளைச் சேட்டு எது வந்தாலும், முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதும், இப்போது கொங்கோ என்கிற சயீர் நாட்டுப் பொதிக்குள் போய்விடும். யாழ்ப்பாணத்தில் வெள்ளைச் சேட்டு இல்லாத பிள்ளை பள்ளிக்கூட வாசலோடு திரும்ப வேண்டியதுதான். நானும் அப்படித் திரும்பியவன். பக்கத்து மேசை அன்னமலரக்கா, மன்னார்க்காரி, மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவற்றுக்குப் பொத்தான் தைப்பார்.

"தம்பி, அந்தப் பிள்ளையள் எங்களை நினைக்குங்களோ?"

"நினைக்காட்டிலும் பரவாயில்லை அக்கா. படிச்சால் காணும்."

சயீரிலும் சீருடை வெள்ளைதான் என்று சொன்னவன் என் அறைவாசி முக்கெண்டி. கின்ஷாசாவில் தையல்காரனாக இருந்தவன். இங்கே வேலை அனுமதிக்குக் காத்திருந்தான். செப்பு விலை விழுந்தது, வாத்திமாருக்குச் சம்பளம் நின்றது, இருந்த காசைப் பெரிய மனிதர்கள் இந்த ஊர் வங்கிகளில் கொண்டுவந்து பூட்டினார்கள் என்று தன் நாடு நொடிந்த கதையை விரல் மடக்கிச் சொல்வான். ஊரில் அவன் மனைவி எம்புயி இரண்டு தையல் மெசினோடு கடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது தைக்கிற சீருடைதான் அந்த வீட்டின் வருடச் சாப்பாடு. தைப்பிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு என் சேட்டு, மற்றவர்களுக்கு எம்புயியின் சேட்டு என்று நான் மனதுக்குள் பங்கு பிரித்து வைத்திருந்தேன்.

ஒக்டோபரில் கடிதம் வந்தது. முக்கெண்டி குசினியில் அடுப்பருகே நின்றே வாசித்தான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது என் ஓட்டைப் பிரெஞ்சு.

"இந்த முறை ஒரு சேட்டும் தைக்கவில்லையாம். சந்தை முழுக்க ஐரோப்பாவின் பழைய வெள்ளைச் சேட்டு. அவள் துணி வாங்கும் விலைக்குத் தைத்த சேட்டே கிடைக்கிறதாம்."

"சந்தையிலையோ? சும்மா குடுக்கிறேல்லையோ?"

அவன் சிரித்துவிட்டான். "சும்மாவா? உன் முதலாளி கிலோக் கணக்கில் வியாபாரிக்கு விற்கிறார். அவன் சந்தையில் விற்கிறான். பொத்தான்கூடப் புதிதாகத் தைத்து வருகிறதாம்."

எம்புயி ஒரு மெசினை விற்றுவிட்டாள். மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். அதையும் அவனே வாசித்துச் சொன்னான்.

இதை மறைத்தால் அதே அறையில் எப்படிப் படுப்பது?

"அந்தச் சேட்டுகளைப் போட்டது நான்தான்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கடிதத்தை மடித்தான். "நீ போடாவிட்டாலும் வந்திருக்கும். கொஞ்சம் பிந்தி வந்திருக்கும்." பிறகு சொன்னான்: "இந்தச் செப்டம்பர் தப்பியிருக்கும்."

திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நவம்பரில் அவனுக்கு வேலை அனுமதி கிடைத்தது. மகளை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், உன் முதலாளியிடம் எனக்கும் வேலை கேள் என்றான். கேட்டேன். தையல்காரன் என்றதும் முதலாளிக்கு வாயெல்லாம் பல். துணியைத் தொட்டே தரம் சொல்லுகிறவன் யாருக்குக் கிடைப்பான்? அதோடு, சயீர் வியாபாரிக்கு வெள்ளைச் சேட்டு நன்றாகப் பிடித்துவிட்டதாம். அதற்கென்றே என் மேசையருகில் தனிப்பெட்டி வைத்திருந்தார்.

முதல் நாள் முக்கெண்டி எனக்கு எதிரே நின்றான். முதல் சாக்கிலேயே ஒரு வெள்ளைச் சேட்டு வந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் அளவு. கழுத்துப்பட்டியைத் திருப்பித் தையலைப் பார்த்தான், விரலால் தடவினான்.

"இது எதற்குள்?" என்றான்.

நான் பெட்டியைக் காட்டினேன். அவன் சேட்டை ஒழுங்காக மடித்து அதற்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான்.